படுக்க வைத்துப் பார்த்தால் போதுமா?

'அடி இறங்கின மாதிரி இருக்கு...'

இந்த வார்த்தையை உங்கள் அம்மா உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? அநேகமாக ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார். இடுப்பு கடுக்கிறது என்பார். அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது என்பார். கல்யாண வீட்டில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், ராத்திரி யாரிடமும் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வார். 'என்னம்மா பண்ணுது?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்லடி, வயசாகுதுல்ல' என்பதோடு சரி.

அடி இறக்கம், கர்ப்பப்பை இறக்கம் என்று நாம் சொல்வது, இடுப்புக் கூட்டின் அடித்தளத்தில் தொட்டில் துணி மாதிரி விரிந்திருக்கும் தசைகளும் அவற்றோடு சேர்ந்த நார்களும் தளர்ந்துபோவதால் வருவது. பிரசவம், பிரசவமான கொஞ்ச நாளிலேயே பாரம் தூக்கியது, வருஷக்கணக்கில் இருமல், மலச்சிக்கல், மாதவிலக்கு நின்ற பிறகு வரும் தளர்ச்சி... இப்படிப் பல காரணம். துணி தொய்ந்தால் மேலே இருப்பது கீழே இறங்கத்தானே செய்யும்? இறங்குவது கர்ப்பப்பையாக இருக்கலாம். முன்பக்கச் சுவரோடு சிறுநீர்ப்பையாக இருக்கலாம். பின்பக்கச் சுவரோடு மலக்குடலாகவும் இருக்கலாம்.

இது எல்லோரும் எழுதுவதுதான். நான் சொல்ல வந்தது வேறு. இந்த இறக்கம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடிப்பது எப்படி? அந்தக் கண்டுபிடிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கறம்பக்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பது. நாற்று நடுவார், களை பறிப்பார், சீசனில் முந்திரித் தோப்புக்குப் போவார். 'காலையில ஒண்ணும் தெரியாது டாக்டரம்மா... நாலு குடம் தண்ணி தூக்கினா சாயங்காலம் கோழி முட்டை மாதிரி கையில தட்டுப்படுது' என்று சொல்ல மனதுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறார். உள்ளே போனதும் கூச்சம் வந்து தொண்டையை அடைக்கிறது. 'அடிவயிறு வலிக்குது' என்று மட்டும் வாயில் வருகிறது. டேபிளில் ஏறிப் படுக்கச் சொல்கிறார்கள். படுத்தாகிவிட்டது. காலை பத்து மணி, பஸ்ஸில் உட்கார்ந்து வந்த உடம்பு, நிறைந்த சிறுநீர்ப்பை, பயத்தில் இறுக்கிப் பிடித்த தொடை. சாயங்காலம் வெளியே எட்டிப் பார்க்கிற சமாசாரம் அப்போது சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது! டாக்டர் ஒரு நிமிஷம் பார்க்கிறார். 'பெரிசா ஒண்ணும் தெரியலையேம்மா. எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க.'

ஸ்கேன் சென்டரில் என்ன செய்கிறார்கள்? ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் கருவியை வைத்து ஓட்டுகிறார்கள். கட்டி இருக்கிறதா, கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறதா, சினைப்பை எப்படி இருக்கிறது என்று பார்க்க அது நல்ல முறைதான். இறக்கத்தைப் பார்க்க அது ஏறக்குறைய நேர் எதிரான முறை. நிறைந்த சிறுநீர்ப்பை இறக்கத்தை மறைக்கும், படுத்த நிலை இறக்கத்தைக் குறைத்துக் காட்டும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வருகிறது. வீட்டில், 'ஸ்கேன்லயே ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு, அப்புறம் என்ன?' என்கிறார்கள். அந்த அம்மா அதற்குப் பிறகு வாய் திறப்பாரா?

(இறக்கத்துக்கென்றே வேறு விதமாக, கீழ்ப்பக்கத்திலிருந்து, முக்கச் சொல்லி எடுக்கிற அல்ட்ரா சவுண்ட் இருக்கிறது. அது வேறு. சாதாரணமாக நமக்கு எழுதிக் கொடுப்பது அதுவல்ல.)

இதைப் படித்துவிட்டு, 'அப்போ கையால் பார்ப்பது பிரயோஜனமில்லை, பெரிய மெஷின்தான் வேண்டும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் கட்சி அதற்கு நேர்மாறு. அடி இறக்கத்தைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் முதல் கருவி டாக்டரின் கண்ணும் கையும்தான். ஆனால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். அவசரமாகப் படுக்க வைத்து எட்டிப் பார்ப்பதைப் பரிசோதனைக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை.

ஒழுங்கு என்றால் என்ன?

1996-ல் உலக அளவில் மகளிர் நோய் நிபுணர்கள் கூடி இதற்கு ஒரு பொது அளவுமுறையைக் கொண்டுவந்தார்கள். பி.ஓ.பி.-க்யூ என்று பெயர். பிறப்புறுப்பின் வாசலில் கன்னித்திரை இருந்த விளிம்பை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, முன்சுவர், பின்சுவர், கர்ப்பப்பை வாய் என்று ஆறு இடங்கள் அந்த விளிம்புக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர், கீழே எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பது. இன்னும் மூன்று அளவுகளைச் சேர்த்து மொத்தம் ஒன்பது. இரண்டு பேர் ஒரே பெண்ணைத் தனித்தனியாக அளந்தால் கணக்கு ஒத்துப்போகிறதா என்று அதே வருஷம் சோதித்தும் பார்த்தார்கள். நன்றாகவே ஒத்துப்போனது. ஆக, கையால் செய்யும் பரிசோதனை நம்பக்கூடியதுதான். முறை தெரிந்து செய்தால்!

அந்த முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விஷயம். முழு இறக்கத்தையும் பார்த்துவிட்டோம் என்று டாக்டர் எப்போது சொல்லலாம்? நன்றாக முக்கச் சொல்ல வேண்டும். வெளியே வந்த சுவர் விறைத்து நிற்க வேண்டும். மெல்ல இழுத்துப் பார்த்தாலும் அதற்கு மேல் இறங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் நிற்க வைத்து முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'உனக்கு அதிகபட்சம் வெளியே வருவது இவ்வளவுதானா?' என்று அந்தப் பெண்ணையே கேட்க வேண்டும். வேண்டுமானால் சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து அவளையே பார்க்கச் சொல்லலாம். நோயாளியின் சாட்சியம் இல்லாமல் பரிசோதனை முழுமையாகாது என்று அளவுமுறையை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள்!

நம் ஊர் பரிசோதனை அறையில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்கிறார்களா? உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

முக்குவது என்பதும் லேசான விஷயமில்லை. பிரசவ அறையில் 'முக்கும்மா, முக்கும்மா' என்று கத்துவார்கள். இங்கே யாரும் கத்த மாட்டார்கள். கூச்சத்தில் ஒரு விநாடி முக்கிவிட்டு நிறுத்தினால் இறக்கம் வெளியே வராது. ஏழெட்டு விநாடியாவது தொடர்ந்து முக்க வேண்டும். பல பெண்கள் காற்றுப் பிரிந்துவிடுமோ, சிறுநீர் சிந்திவிடுமோ என்று பயந்து, முக்கும்போதே அடித்தசையை இறுக்கியும் விடுகிறார்கள். மேலிருந்து தள்ளுவது, கீழே கதவைச் சாத்துவது, இரண்டும் ஒரே நேரத்தில்! டாக்டர் கண்ணுக்கு என்ன தெரியும்? 'சிந்தினா பரவாயில்லம்மா, அதுக்குத்தான் கீழே ஷீட் போட்டிருக்கு' என்று ஒரு நர்ஸ் சொன்னால் போதும், பாதிப் பரிசோதனை சரியாகிவிடும்.

படுக்கை விஷயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. படுத்த நிலையில் ஒருமுறை, நிமிர்ந்த நிலையில் ஒருமுறை என்று அதே பெண்களைப் பரிசோதித்த அமெரிக்க டாக்டர்கள், நிமிர்ந்த நிலையில் இறக்கம் கூடுதலாகத் தெரிவதாக 2000-ம் ஆண்டில் எழுதினார்கள். நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாதா என்ன? 'படுத்தா சரியாயிடும், எழுந்தா இறங்கிடும்' என்றுதானே அவர்கள் சொன்னார்கள்!

இன்னொன்று. இருமினால், தும்மினால் சிறுநீர் சிந்துகிறதா என்று பார்க்க சிறுநீர்ப்பையில் கொஞ்சம் சிறுநீர் இருக்க வேண்டும். இறக்கத்தைப் பார்க்க அது காலியாக இருக்க வேண்டும். இரண்டு தொல்லையும் உங்களுக்கு இருந்தால், முதலில் இருமச் சொல்லிப் பார்த்துவிட்டு, பாத்ரூம் போய் வரச் சொல்லி மறுபடி பார்ப்பதுதான் சரி. 'ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒன்பது அளவும் எடுக்க எல்லா இடத்திலும் முடியாது. அதற்காகவே நாலே இடங்களைப் பார்க்கிற சுருக்க முறையும் பின்னால் வந்திருக்கிறது. நிற்க வைத்து ஒருமுறை முக்கச் சொல்ல இரண்டு நிமிஷம் பிடிக்குமா? அந்த இரண்டு நிமிஷம் இல்லாததால்தான் ஒரு அம்மா அஞ்சு வருஷம் அலைகிறார்.

ஒரே உடம்பு, இரண்டு டிகிரி!

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். இல்லை என்று அனுப்பிவிடுவது ஒரு தப்பு என்றால், இருப்பதைப் பெரிதாக்கிச் சொல்வது இன்னொரு தப்பு.

நம் மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிப்பது ஷா எழுதிய மகளிர் மருத்துவப் புத்தகம். அதன் கணக்குப்படி கர்ப்பப்பை வாய் வாசல்வரை வந்தால் இரண்டாம் டிகிரி, வாசலைத் தாண்டினால் மூன்றாம் டிகிரி. வேறொரு பழைய கணக்கில் வாசலைத் தாண்டினால்தான் இரண்டாம் டிகிரி, கர்ப்பப்பை முழுசாக வெளியே வந்தால் மூன்றாம் டிகிரி. ஆக, அதே அம்மா திங்கட்கிழமை ஒரு கிளினிக்கில் 'செகண்ட் டிகிரி', வியாழக்கிழமை இன்னொரு கிளினிக்கில் 'தேர்ட் டிகிரி'. நடுவில் மூன்று நாளில் ஒன்றும் இறங்கவில்லை, புத்தகம்தான் மாறியிருக்கிறது! வீட்டுக்காரர் பதறிப்போய், 'முத்திடுச்சாமே' என்று நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்.

கர்ப்பப்பை இறங்காமல் அதன் கழுத்து மட்டும் நீண்டு தொங்குவதும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் கர்ப்பப்பையே இறங்கின மாதிரித்தான் தெரியும். அதேபோல், புடைத்து நிற்கும் சுவரின் பின்னால் இருப்பது சிறுநீர்ப்பையா, குடலா என்று வெளியிலிருந்து எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் 1996 முறையில், 'சிறுநீர்ப்பை இறக்கம்' என்று எழுதாமல் 'முன்சுவர் இறக்கம்' என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள். பார்த்ததை எழுது, ஊகத்தை எழுதாதே! எனக்கு இது நல்ல நாணயமாகப் படுகிறது.

இதைவிட முக்கியம் ஒரு கணக்கு. அமெரிக்காவில் 50 வயதிலிருந்து 79 வயதுவரையுள்ள பெண்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வில், கர்ப்பப்பை உள்ளவர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 41 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இறக்கம் தெரிந்தது. 2002-ல் வெளியானது. 2008-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் 'கீழே ஏதாவது பிதுங்கி வருவதை உணர்கிறீர்களா, பார்க்கிறீர்களா?' என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர். வயது வரம்பு வேறு, அதனால் இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் ஒன்றைச் சொல்கிறது. இரண்டு மூன்று பிள்ளை பெற்ற உடம்பில் கொஞ்சம் இறக்கம் இருப்பது சர்வ சாதாரணம். வாசல்வரை வந்தோ தாண்டியோ போனால்தான் பெரும்பாலும் தொல்லை ஆரம்பிக்கிறது. உள்ளேயே லேசாக இறங்கியிருப்பதை டேபிளில் பார்த்துவிட்டு, 'இடுப்பு வலிக்குதுன்னு சொன்னீங்களே, இதுதான் காரணம்' என்று முடிச்சுப் போட்டால் சந்தேகப்படுங்கள். இடுப்பு வலிக்கு வேறு நூறு காரணம் இருக்கும்.

அடுத்தது, 'எடுத்துடலாம்.' நம் வீடுகளில் இந்த வார்த்தைக்கு இருக்கிற செல்வாக்கு ஆச்சரியமானது. 'பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு?' ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் பெண்களின் கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்று உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போனது. இதைத் தடுப்பதற்கான மத்திய அரசின் நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அடி இறக்கத்தில், கர்ப்பப்பை முழுவதுமாக வெளியே வந்துவிட்ட வயதான அம்மாவுக்கு ஆபரேஷன் சரியான வழியாக இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் தொட்டில் துணி தொய்ந்ததற்குக் குழந்தையைத் தூக்கிவிட்டால் துணி சரியாகிவிடுமா? கர்ப்பப்பையை எடுத்த பிறகு மேல்பகுதியைச் சரியாகத் தூக்கிக் கட்டாவிட்டால் அந்த இடமே மறுபடி இறங்கி வரும். இளவயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டும் ஆபரேஷன்களில் நம் நாட்டு டாக்டர்களுக்கு உலக அளவில் பெயர் உண்டு. கர்ப்பிணிகளுக்குப் போடும் 'ஷிரோட்கர் தையல்' கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே பம்பாய் டாக்டர் ஷிரோட்கர் இதற்கும் ஒரு முறை வகுத்திருக்கிறார்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு படி இருக்கிறது. ஒன்று அடித்தசைப் பயிற்சி. 1948-ல் அமெரிக்க டாக்டர் கெகல் எழுதியது. பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் 447 பெண்களிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், சொல்லிக் கொடுத்துச் செய்த பயிற்சியால் தொல்லைகள் குறைந்தன. இன்னொன்று உள்ளே வைக்கிற வளையம், பெசரி. பொருத்தமான சைஸ் பார்த்து வைத்து, அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து, சில மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். வைத்துவிட்டு மறந்துபோனால் புண்ணாகும். இந்த இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக ஆபரேஷன் தேதி கொடுத்தால், 'ஏன் டாக்டர்?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வாயைத் திறந்தால்தானே?

பரிசோதனை எவ்வளவு நம்பகமாக இருந்தாலும், டேபிள்வரை வராதவர்களுக்கு என்ன பயன்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் எழுதினார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதோ ஒரு பெண் நோய் இருந்தது. அதற்கு முன் ஒரு தடவையாவது இப்படிப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்! நம் செங்கல்பட்டுப் பக்கம், கிராமப் பெண்களே நடத்தும் 'ருவ்செக்' அமைப்போடு சேர்ந்து சுந்தரி ரவீந்திரனும் தோழிகளும் அடி இறக்கத்தோடு வாழும் பெண்களிடமே உட்கார்ந்து கேட்டு 1999-ல் எழுதினார்கள். டிகிரியும் சென்டிமீட்டரும் காட்டாததை அந்தப் பேச்சு காட்டுகிறது. வயல் வேலை, தண்ணீர்க் குடம், புருஷனோடு வரும் சச்சரவு... இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி இதை எப்படிச் சுமக்கிறாள் என்று எந்த ஸ்பெகுலம் சொல்லும்?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நான் உரிமையோடு சொல்வேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907-ல் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்த முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் உங்களுடையது. ஆண் பிள்ளைகள் படித்த மகாராஜா கல்லூரியில் துணிந்து போய் உட்கார்ந்தவர் அவர். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, ஊர் சிரிக்குமே என்று பார்க்காமல் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் உங்கள் அம்மாக்களும் அத்தாச்சிகளும். அன்றைக்கு மிதித்தவர்கள் இன்றைக்கு ஐம்பது, அறுபதைத் தாண்டியிருப்பார்கள். சரியாக இந்தத் தொல்லை தலைகாட்டுகிற வயது! 2017-லிருந்து மாவட்டத்துக்கென்று அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகப் பெண்களை டேபிளில் படுக்க வைத்துப் பார்க்கிறார்கள். அதே டேபிளில், அதே நேரத்தில், 'கீழே ஏதாவது இறங்கின மாதிரி இருக்காம்மா? ஒருதரம் நல்லா முக்குங்க' என்று சேர்த்துக் கேட்டுவிட்டால் தனியாகச் செலவு ஏது? சுகாதாரத் துறை யோசிக்க வேண்டிய விஷயம்.

அதுவரை நீங்கள்தான் கேட்க வேண்டும். அம்மாவையோ மாமியாரையோ கூட்டிக்கொண்டு போகிறவர் நீங்கள் என்றால், 'அடிவயிறு வலி' என்று மூடி மறைக்காமல், 'சாயங்காலமானா கையில தட்டுப்படுதாம்' என்று அவருக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். பாத்ரூம் போய்விட்டு வந்து படுக்கச் சொல்லுங்கள். படுத்துத் தெரியவில்லை என்றால், 'நின்னா வருதுன்னு சொல்றாங்க, நிக்க வச்சுப் பாக்கறீங்களா?' என்று கேளுங்கள். ஆண் டாக்டராக இருந்தால் கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, இறங்கிய இடத்தில் புண் இருந்தாலோ நாள் பார்க்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

சீட்டில் 'செகண்ட் டிகிரி' என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். வாசலுக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர், கீழே எத்தனை, எந்தச் சுவர், படுத்துப் பார்த்ததா நின்று பார்த்ததா என்று எழுதித் தரச் சொல்லி, அந்தச் சீட்டை ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருஷம் வேறு டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டினால், இறக்கம் கூடியிருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று அவர் அங்கேயே அளந்து சொல்லிவிடலாம்.